நடுக்கோட்டில் பிளந்த மட்கார்டு

1. அரிசிச் சாக்கில் வந்தது

ஷெட்டைத் திறந்து மாஸ்க்கைக்கூட மாட்டியிருக்கவில்லை, ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முகம் மழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது. கையில் மடித்துப் பிடித்த அரிசிச் சாக்கு. ஆர்டர் கொடுக்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். பைக்கை வாசலில் உறுமவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேரம் பேசுகிறவர்கள்.

“இன்னா வேணுங்க?” என்றேன்.

“பைக்குக்கு கார்பன் ஃபைபர் சாமான் செய்யிற எடம் இதுதானாம்மா?”

“இதுதான். யார பாக்கணும்?”

“யார பாக்கணும்னு எனக்கே தெரியலம்மா” என்று சொல்லிக்கொண்டே சாக்கைப் பிரித்து என் மேஜைமேல் இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார்.

ஒரு பைக்கின் முன் மட்கார்டு. நீளவாக்கில், நடு முதுகில், துவரம்பருப்பு உடைந்த மாதிரி இரண்டு பாதியாகப் பிளந்திருந்தது. எங்கள் ஷெட்டில் செய்ததுதான். விளிம்பைத் தேய்த்து, கனம் பார்த்து, தட்டிப் பார்த்து அனுப்பியது நான்தான்.

அவர் பெயர் குப்புசாமி. களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. ஒரே மகன், பெயர் விக்னேஷ். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான். லீவுக்கு பைக்கில் ஊருக்கு வந்துகொண்டிருந்தவன் வழியில் விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தும் பிழைக்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சும்மா. நான் சண்ட போட வரல. நஷ்டஈடு அது இதுன்னு கேக்கவும் வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எல்லாரும் அவன் வேகமா போயித்தான் உழுந்தான்றாங்க. சாவு வூட்லயே பேசிகினாங்க, இந்தக் காலத்துப் பசங்களுக்கு பைக்கு வெறின்னு. அவங்கம்மா அத்தக் கேட்டுட்டு, படத்துக்கு முன்னால உக்காந்துகினு அவனத் திட்டிகினே இருக்கா. சொன்னா கேட்டியாடா, சொன்னா கேட்டியாடான்னு. செத்தவனப் போயி திட்றாம்மா. நான் அவன் பின்னால உக்காந்து போயிருக்கேன். அவன் அப்படி ஓட்றவன் கெடையாது.”

துண்டுகளில் ஒன்றைத் தொட்டார்.

“பக்கத்து வூட்டுக்காரர் இத்தப் பாத்துட்டு, இன்னாய்யா பேப்பர் மாரி மெலிசா இருக்குதேன்னாரு. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க செய்யிறவங்க. உங்களுக்குத் தெரியும். அவன் உழுந்ததால இது ஒடைஞ்சுதா, இல்ல இது ஒடைஞ்சதால அவன் உழுந்தானா? அத்த மட்டும் சொல்லும்மா.”

பிளந்த ஓரத்தைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பார்த்தவுடனே சொல்லக்கூடிய விஷயமா இது? தேய்த்துப் பார்க்க வேண்டும், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னேன். சாக்கை மடித்து மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

2. கட்டைவிரல் சோதனை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் தொழிலும் பேசிவிடுகிறேன்.

என் பெயர் சரோஜா. தேவிகாபுரத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் முதலில் ஃபைபர் கதவு, தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் இருந்தேன். பிறகு இளங்கோ சார் ஆரணியில் ஒரு பழைய விசைத்தறி ஷெட்டை எடுத்து கார்பன் வேலை ஆரம்பித்தபோது இங்கே வந்தேன். என் வேலை ஃபினிஷிங்கும் இன்ஸ்பெக்‌ஷனும். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் ஊரில் உள்ள ஓட்டை உடைசல் எல்லாம் பாஸ் ஆகிவிடும்.

வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே சோதனைதான் செய்வார்கள். மட்கார்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். “அக்கா, இன்னும் கொஞ்சம் கனமா போட்டுக் குடுங்கக்கா” என்பார்கள். அவர்களே அடுத்த மூச்சில் “வெயிட்டு மட்டும் ஏறக்கூடாதுக்கா” என்பார்கள். மாப்பிள்ளை குண்டாகவும் இருக்கணும், பந்தியில் சோறும் குறையக்கூடாது என்கிற கதை.

கார்பன் துணி ஒரு லேயர் காய்ந்தபின் கால் மில்லிமீட்டர் கனம் வரும். முன் மட்கார்டுக்கு ஐந்து லேயர் போட்டால் ஒன்றேகால் மில்லி. போல்ட் துளை வருகிற இடத்தில் மட்டும் கூடுதலாகத் துணி வைப்போம். மோல்டு என்கிற அச்சில் துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊட்டி, பிளாஸ்டிக் பையால் மூடி, வேக்யூம் போட்டுக் காற்றை உறிஞ்சி, ஓவனில் வேகவைப்போம். வேக்யூம் சரியாகப் பிடிக்காமல் ரெசின் தேங்கிவிட்டால் கனம் ஏறும், பலம் ஏறாது. இட்லி மாவில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிற மாதிரி.

பலம் நூலில்தான் இருக்கிறது. நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் இழுத்தால் யானையைக் கட்டினாலும் தாங்கும். நூல் ஓடாத இடத்தில் வெறும் ரெசின்தான் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அது கண்ணாடி மாதிரி. அதிர அதிர விரிசல் விடும். கனத்தை நான் மைக்ரோமீட்டரில் அளக்கலாம். எடையைத் தராசில் பார்க்கலாம். காசால் தட்டினால் “டக் டக்” என்று வருகிறதா, “பொத்” என்று வருகிறதா என்பதை வைத்து உள்ளே காற்றுக்குமிழி இருப்பதைச் சொல்லிவிடுவேன். உள்ளே நூல் எப்படிப் படுத்திருக்கிறது என்பதை மட்டும் இந்த மூன்றிலும் சொல்ல முடியாது. அது துணி விரித்த கைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஷெட்டில் அந்தக் கை தாமோதரனுடையது.

3. தாமு

முள்ளிப்பட்டுக்காரன். என்னைவிட இளையவன், அதனால் எனக்குத் தாமு. வீட்டில் தறி இருக்கிறது, மனைவி இன்னும் பட்டு நெய்கிறாள். அவன் மட்டும் வெளி வேலைக்கு வந்தான். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, “ரெண்டு பேரும் ஒரே தறிக்குழியில காலத் தொங்கப் போட்டுகினு உக்காந்தா சண்டதான்கா வருது” என்று சிரித்தான்.

கார்பன் துணியை முதல்முறை தொட்டபோதே அதை விரலில் நீவிப் பார்த்து, “பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்க, ரெண்டு மேல ரெண்டு கீழ” என்று சொல்லிவிட்டான். மற்றவர்களுக்கு அது கருப்புத் துணி. கத்தரி வைத்தால் ஓரம் பிரிந்து இழை இழையாக உதிரும், கோடு கோணிக்கொள்ளும். அவன் கையில் அது அடங்கிக் கிடந்தது. ஒரு நாளும் அவன் துணியைக் கோணலாக விரித்து நான் பார்த்ததில்லை.

பைக் பையன்களுக்கு அப்போது மீன்முள் டிசைன் பைத்தியம் பிடித்திருந்தது. துணியில் சாய்வாக ஓடுகிற கோடுகள் நடு முதுகில் இரண்டு பக்கமிருந்தும் வந்து கூரையாகச் சேர வேண்டும். ஒரே துணியில் அது வராது. இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றைத் திருப்பிப் போட்டு, நடுக்கோட்டில் முட்டவைக்க வேண்டும். இளங்கோ சார் முதல் மாதிரியைத் தானே செய்து காட்டினார். மேல் லேயர் மட்டும் இரண்டு துண்டு. உள்ளே நான்கு லேயரும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை முழுத் துணி. மேலே அழகு, உள்ளே பலம். அந்த மாதிரியைப் பட்டறை வைஸில் இறுக்கி மாட்டி முறுக்கியும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு வேலை தாமுவுடையது.

கொஞ்ச நாளில் மட்கார்டுகளின் உள்பக்கமும் மீன்முள்ளாக வர ஆரம்பித்தது. டயர் ஓடுகிற பக்கம், சேறு அடிக்கிற பக்கம். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

“இன்னா தாமு, உள்பக்கம் சட்னியா பூசப் போறோம்? எதுக்கு இவ்ளோ மெனக்கெடுற?” என்று கேட்டேன்.

“பட்டுப் பொடவைய எடுத்தவொடனே திருப்பித்தானக்கா பாக்குறாங்க? பின்னால நூல் தொங்கினா மூஞ்சில விட்டெறிவாங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருந்தா அது ஏமாத்து வேலக்கா.”

கேட்க நன்றாக இருந்தது. நானும் இளங்கோ சாரும் அடிப்பக்க லேயரை மட்டும் அப்படிப் போடுகிறான் என்று நினைத்தோம். நடுவே முழுத் துணி இருக்கிறதே, கவலையில்லை. ஒன்றேகால் மில்லி சரியாக வந்தது. எடை சரியாக வந்தது. காசால் தட்டினால் மணி மாதிரி ஒலித்தது. எதைச் சொல்லி நான் நிறுத்துவேன்?

பையன்கள் பைக்கைச் சாய்த்து உள்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். ஆரணியில் ஒரு ஷெட்டில் உள்ளேகூட டிசைன் போடுகிறார்கள் என்று பேச்சு பரவியது. பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. ஒருவன் நேரில் வந்து, “இத செஞ்ச அண்ணா யாரு?” என்று தேடிப் பிடித்துத் தாமுவோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனான். தாமு அன்று முழுக்க மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். “பொடவ கட்டிகினு போறவங்க என்னிக்காவது நெய்தவன் யாருன்னு கேட்டிருக்காங்களாக்கா?” என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

4. வெட்டிப் பார்த்தது

குப்புசாமி போனபிறகு இரண்டு துண்டுகளையும் லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்.

கார்பன் அடிபட்டு உடைந்தால் முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொள்ளும். இழைகள் அறுந்து மயிர் மயிராக நிற்கும், கையில் ஏறும். இந்தப் பிளவில் ஒரு மயிர்கூட இல்லை. கத்தரியால் வெட்டிய ஓரம் எப்படியோ அப்படி. ஒரு நூலும் அறவில்லை. அறுவதற்கு அங்கே குறுக்கே நூலே ஓடவில்லை.

ஒரு பாதியின் உள்பக்கம் பளபளப்பெல்லாம் போய், வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. டயர் உரசிய தடம். ரப்பர் தீய்ந்து ஒட்டியிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பாதி அதற்குள் போயிருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் ஆப்பாக மாட்டி, சக்கரத்தை நிறுத்தியிருக்கிறது.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. ரேக்கில் அனுப்பத் தயாராக இருந்த ஒரு மட்கார்டை எடுத்துக் குறுக்கே வெட்டினேன். வெட்டின முகத்தைத் தண்ணீர் ஊற்றி நைஸ் எமரித் தாளில் தேய்த்தேன். ஐந்து லேயரும் ஐந்து கோடாகத் தெரிந்தன. ஐந்தும் நடுவில் ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்தில் மறுபடி ஆரம்பித்தன. மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஓர் இணைப்பு. அங்கே பிடித்துக்கொண்டிருந்தது வெறும் ரெசின்.

இளங்கோ சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெட்டின துண்டுகளில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. “டப்” என்று இரண்டானது. அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மனுஷன்தான். ஆனாலும் பயம் யாரை விட்டது?

“அக்கா, அவர் கேஸ் போட வரலதான? அடிபட்டுதான் ஒடைஞ்சுதுன்னு சொல்லிட்டா...”

“சொல்லிட்டா அந்தம்மா ஆயுசு பூரா செத்த புள்ளையத் திட்டிகினு இருக்கும் சார்.”

அவர் கையிலிருந்த உடைசலை மேஜை ஓரமாக வைத்தார். “சொல்லிடுங்க, நானும் பக்கத்துல நிக்கிறேன்” என்றார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

தாமுவைக் கூப்பிட்டோம். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். மேஜைமேல் உடையாமல் இருந்த மற்ற வெட்டுத் துண்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதை நான் எப்படி மறப்பேன்? எடுத்து லைட்டில் சாய்த்துப் பிடித்தான்.

“வெட்டிப் பாத்தியாக்கா? பாரு, அஞ்சுலயும் ஒரே கோடு. மயிரிழகூட வெலகல பாரு.”

இத்தனை வருஷமாக ஊரையே வாயால் உருட்டியவள், அன்று கேள்வியை இளங்கோ சாரிடம் விட்டுவிட்டேன்.

இளங்கோ சார்தான் கேட்டார். “நடுவுல இருக்கிற லேயரையும் ஏன் தாமு ரெண்டா வெட்டினீங்க? அது வெளிய தெரியாதே.”

“தெரியாதுன்னு உட்ருலாமா சார்? தெரியாத எடத்துல ஒருத்தன் எப்படி செய்யிறான்றதுதான வேல?”

நான் சாக்கின்மேல் இருந்த அந்த இரண்டு பாதிகளையும் அவன் பக்கம் நகர்த்தினேன். களம்பூரிலிருந்து ஒருவர் வந்ததையும், அவர் மகன் விழுந்ததையும், அவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். முழுத் துணியாக இருந்திருந்தால் குறுக்கே ஓடும் நூல் பிடித்திருக்கும் என்று சொன்னேன். அவன் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தான். கோடு கச்சிதமாகப் பொருந்தியது. மறுபடி பிரித்தான். மறுபடி சேர்த்தான்.

“ஏதோ வந்துதா போச்சான்னு துணியப் போட்டு மூடியிருந்தா அந்தப் புள்ள உசுரோட இருந்திருக்குமாக்கா?”

ஆமாம் என்பதுதான் பதில். நான் அதைச் சொல்லவில்லை. அவன் என்னிடம் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

அன்று மாலை அழுதேன். செத்த பையனுக்காகவும் அழுதேன், தாமுவுக்காகவும் அழுதேன். சோம்பேறியால் கெட்ட வேலை நிறையப் பார்த்திருக்கிறேன், திட்டித் தீர்த்திருக்கிறேன். இதில் யாரைத் திட்டுவது?

5. வியாழக்கிழமை

குப்புசாமி சொன்னபடி வந்தார். தாமுவை வீட்டுக்குப் போகச் சொன்னோம். அவன் போகவில்லை, ஓவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

டயர் தடத்தை அவருக்குக் காட்டினேன். பிளந்த ஓரத்தை அவர் விரலால் தடவச் செய்தேன். அடிபட்டு உடைந்த வேறொரு துண்டைக் கொடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொன்னேன். பிறகு சொன்னேன்.

“எவ்ளோ வேகத்துல போனாருன்னு இது சொல்லாதுங்க. ஆனா அவர் உழுந்து இது ஒடையல. இது ஒடைஞ்சுதான் அவர் உழுந்தாரு. இது மெலிசாவும் இல்ல, கனமெல்லாம் சரியாத்தான் இருந்துது. உள்ள துணி சேர்த்த விதத்துல தப்பு. அது எங்க தப்பு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு மூன்று முறை தப்பாக அழுத்தினார்.

“ஏய், நான்தான். இங்க ஆரணியிலதான் இருக்கேன். கேட்டுட்டேன். அவன் வேகமா போவலையாம்டி. நம்ம புள்ள வேகமா போவல. வண்டி சாமான் ஒடைஞ்சிதான் உழுந்திருக்கான். இவங்களே சொல்லிட்டாங்க. நீ அவனத் திட்டாத. இனிமே திட்டாத, கேக்குதா?”

போனில் அந்தப் பக்கம் எழுந்த அழுகை எங்களுக்கும் கேட்டது. வேகமாகப் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படி எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வேலையில் ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவள், அன்று அதை அப்படியே விட்டேன். இன்னொரு முறை நேர்ந்தாலும் விடுவேன்.

அவர் போனை வைத்தபோது தாமு முன்னால் வந்து நின்றான்.

“நான்தாங்க இத்த செஞ்சது.”

குப்புசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தாமுவுக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் உடைந்த பாதியைத் திருப்பி, உள்பக்கத்து மீன்முள்ளை விரலால் தடவினார்.

“நீதானாப்பா அது? இத்த வாங்கியாந்த அன்னிக்கு வண்டிய சாச்சிப் புடிச்சிகினு என்னக் கூப்ட்டான். ‘அப்பா, கீழ குனிஞ்சி பாருப்பா, உள்ளகூட எப்படி செஞ்சிருக்காங்க பாரு’ன்னான். எனக்கு குனிய முடியல. அப்பறமா பாக்கறேன்டான்னேன்.”

துண்டுகளை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். இளங்கோ சார் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எங்கள் சாமான் உடைந்துதான் விபத்து என்று தானே சொல்லிவிட்டு, களம்பூர் வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

6. திருப்பி அனுப்பாதவர்கள்

அந்த மட்கார்டு வாங்கியவர்களுக்கெல்லாம் கூப்பிட்டு, உடனே கழற்றி அனுப்புங்கள், வேறு செய்து தருகிறோம் என்று சொல்ல ஆரம்பித்தோம். நல்லது சொன்னால் உலகம் கேட்டுவிடுமா? சிலர் அனுப்பினார்கள். சிலர், “என்னோடது நல்லாத்தான் இருக்கு, எவ்ளோ நீட்டான வேல, எதுக்கு மாத்தணும்?” என்றார்கள். ஒருவன், இதைவிட மட்டமான சரக்கை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று சண்டைக்கு வந்தான்.

பிறகு தாமு போனை வாங்கிக்கொண்டான். “நான்தாங்க அத்த செஞ்ச ஆளு. என் வேலதான். நல்லா இல்லீங்க. தயவுசெஞ்சி கழட்டிடுங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். தன் வேலையைத் தன் வாயால் அவன் மட்டம் தட்டுவதை ஷெட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பெங்களூர்க்காரன் ஒருவன் போனில் மசியவில்லை. தாமு பஸ் ஏறிப் போய், அவன் வீட்டு வாசலிலேயே பைக்கிலிருந்து மட்கார்டைக் கழற்றி, முறுக்கி உடைத்துக் காட்டிவிட்டு வந்தான். திரும்பி வந்தவற்றையும் அவனே ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

எல்லாம் வந்துவிடவில்லை. பைக்கோடு கைமாறிப் போனவை உண்டு, போனே எடுக்காதவர்கள் உண்டு. அவை எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை வெட்டி, உள்ளே துணி எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதை அனுப்புகிறோம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுவோம். அழகாக இருந்தால் முதலில் வெட்டுவோம். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சுத்தமாகச் செய்வது வேறு, சரியாகச் செய்வது வேறு. நீ பழகிவந்த தொழிலில் எது நேர்மையோ, அது அடுத்த தொழிலிலும் அப்படியே இருக்கும் என்று நம்பாதே. கையில் எடுத்த பொருள் என்ன கேட்கிறது என்று அதனிடம் கேள். கேட்காமல் செய்த நல்ல வேலையும் ஆளைக் கொல்லும்.

தாமு வேலையை விடவில்லை. விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விட்டால் அடுத்தவன் போடுகிற துணியை யார் பார்ப்பது என்று கேட்டான். மீன்முள் மட்டும் அவன் தொடுவதில்லை.

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பேசிக்கொண்டே இருந்தவனைப் பக்கத்தில் காணோம். திரும்பிப் பார்த்தால், டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் முன்சக்கரத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கருப்பு மட்கார்டு, மேலே மீன்முள். எங்கே கண்டாலும் இப்படித்தான் உட்கார்ந்துவிடுகிறான்.

பைக்குக்காரப் பையன் டீ கிளாஸோடு ஓடிவந்தான். “யோவ், இன்னாய்யா பண்ற? பெட்ரோல் திருடறியா?”

“இல்லப்பா. இந்த மட்கார்டு... கார்பனாப்பா?”

பையனுக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினான். “இல்லண்ணே. பிளாஸ்டிக்தான். மேல கார்பன் மாரி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்.”

தாமு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அந்தப் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

“நல்லதுப்பா” என்றான். “ஸ்டிக்கரே இருக்கட்டும்.”

பஸ் வந்துவிட்டது. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.